கோபம் தணிந்த ஊரிலிருந்து ஒரு தவக்காலப் புலம்பல்

முருகன் சூரனை முடிச்சுட்டு கோபம் தணிஞ்சு வந்து உக்காந்த இடம்தான் எங்க ஊரு. அதனாலதான் தணிகை, திருத்தணின்னு பேரு. மத்த முருகன் கோயில்ல கந்த சஷ்டிக்கு சூரசம்ஹாரம் நடக்கும். இங்க நடக்காது, புஷ்பாஞ்சலியோட சரி. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துகிட்டு கோபமா ஒரு பதிவு எழுதுறேன். முருகன் மன்னிக்கட்டும். ஏசுவும் மன்னிக்கட்டும், ஏன்னா இது அவரு வீட்டு விவகாரம்.

தெரியாதவங்களுக்காக: நான் ஆர்.சி. கத்தோலிக்கன். மலையையும் அந்த 365 படியையும் பாத்துக்கிட்டே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வளர்ந்தவன். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் மொட்டையுமா நிறையும்போது, வர்றவங்களுக்குத் தண்ணி ஊத்திக் கொடுத்த கை இது. எனக்கு மலைமேல எந்த வருத்தமும் இல்லை. இன்னிக்குப் பஞ்சாயத்து எங்க கோயிலைப் பத்தினது.

தவக்காலம் ஆரம்பிக்கிற நாளுக்குத் தமிழ்ல திருநீற்றுப் புதன்னு பேரு. போன வருஷக் குருத்தோலையை எரிச்ச சாம்பலை நெத்தியில பூசுவாங்க. நீ மண்ணு, மண்ணுக்கே போவேன்னு ஞாபகப்படுத்துறதுக்கு. இந்த வருஷமும் பூசிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில நின்னேன். டீ மாஸ்டர் நெத்தியப் பாத்துட்டு, "இன்னா தம்பி, காலையிலயே மலைக்குப் போய் வந்துட்டியா?"ன்னாரு. "இல்லண்ணா, இது வேற சாம்பல்"னேன். "சாம்பல்ல இன்னாப்பா வேற, எல்லாம் ஒண்ணுதான்"னுட்டு டீயை ஆத்திக் கொடுத்தாரு.

அவரு சாதாரணமா சொன்னது. எனக்குத்தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. சாம்பல் எல்லாம் ஒண்ணுதானா, எங்க கோயில்ல?

சரி, மேட்டருக்கு வர்றேன்.

தவக்காலத்துல வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதை நடக்கும். அது முடிஞ்சதும் தியானப் பிரசங்கம். இந்த முறை வெளியூர்ல இருந்து ஒரு சாமியாரைக் கூப்பிட்டிருந்தாங்க. பேர் வேண்டாம். மனுஷன் நல்லாவே பேசினாரு, குறை சொல்லக் கூடாது. மேலிருந்து கீழே பாத்து உபதேசம் பண்ணாம, தன் கதையைச் சொன்னாரு. நாப்பது நாளுக்குக் காபியை விட்டாராம். நாலாம் நாளே எரிச்சல்ல சமையல்கார அம்மாவைத் திட்டிட்டாராம். "காபிக்கே நான் அடிமைன்னா, நான் எந்த முகத்தோட உங்களுக்கு விடுதலையைப் பத்திப் பேசுறது?"ன்னு கேட்டாரு. அப்புறம் இன்னொண்ணு. ஒரு ராத்திரி சாகக் கிடந்த ஒருத்தருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. காலையில வர்றேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாராம். காலையில போனப்ப ஆள் இல்லை. இதைச் சொல்லும்போது அவரு குரல் உடைஞ்சது. எனக்கும் தொண்டை அடைச்சது. பொய் சொல்லல.

அதுக்கப்புறம் ஆத்தும சோதனைக்கு பாவங்களை வரிசையா அடுக்கினாரு. செல்போன், சீரியல், குடி, ஆன்லைன் ரம்மி, புறம்பேசுதல், பூசைக்கு லேட்டா வர்றது, பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கினா வயிறு எரியுறது. ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு. நான் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். வரவே இல்லை.

சாதி.

முடிஞ்சதும் போய்க் கேட்டேன். "ஃபாதர், லிஸ்ட்ல சாதி இல்லையே?" கோபப்படலை. தோள்ல கை போட்டு நிதானமா சொன்னாரு: "தம்பி, அது சமூகப் பிரச்சனை. அதுக்கு வேற மேடை இருக்கு. தவக்காலம் உள்ளத்துக்கானது. இதையெல்லாம் இங்க பேசினா கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சிடும்."

இந்தப் பதிவு அந்த மூணு வாக்கியத்துக்கான பதில். அங்கேயே சொல்லியிருக்கணும். அந்த நேரத்துல வாய் வரலை. வீட்டுக்கு வந்து கீபோர்டைத் தட்டும்போதுதான் நமக்கெல்லாம் வீரம் வருது :-)

முதல்ல, "தவக்காலம் உள்ளத்துக்கானது".

திருநீற்றுப் புதனன்னிக்கு எங்க கோயில்ல வாசிக்கிற முதல் வாசகம் யோவேல் புத்தகம். அதுல கடவுள் யாரைக் கூப்பிடுறாரு? தனித்தனியா ஆளுக்கு ஒரு மூலையில உக்காந்து மனசுக்குள்ள அழச் சொல்லலை. ஊரைக் கூட்டச் சொல்றாரு. கிழவங்க, பால்குடிக் குழந்தைங்க, நேத்துக் கல்யாணம் ஆன மாப்பிள்ளை பொண்ணு வரைக்கும் எல்லாரும் வரணும். ரெண்டு நாள் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை வாசகம் ஏசாயா 58. பட்டினி கிடக்குறதைப் பெருசா பேசுறவங்களைப் பிடிச்சுக் கடவுள் விளாசுற அதிகாரம் அது. நுகத்தை உடைக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச நோன்புங்கிறாரு. அடுத்த வாரம் யோனா. நினிவே ஊர்ல ராஜாவுல இருந்து ஆடுமாடு வரைக்கும் கோணித்துணி கட்டிக்கிச்சு. ஆடுமாடு என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா ஊர் பாவம்னா ஊரே சேர்ந்துதான் அழணும்னு அந்தக் கதை எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

இது எதுவும் நான் கண்டுபிடிச்சதில்லை. வருஷா வருஷம் நாம வாசிச்சு, "இறைவா உமக்கு நன்றி" சொல்லிட்டு உக்கார்றது.

ரோமாபுரி உதாரணம் வேணுமா? 2000 மார்ச் 12, அந்த வருஷத் தவக்காலத்தோட முதல் ஞாயிறு. போப் ரெண்டாம் ஜான் பால் பேதுரு பேராலயத்துல திருச்சபையோட பாவங்களுக்காக வெளிப்படையா மன்னிப்புக் கேட்டாரு. யூதர்களுக்கு எதிரா நடந்தது, உண்மையைக் காப்பாத்துறோம்னு வன்முறை பண்ணினது, பெண்களையும் மத்த இனத்தவரையும் அவமதிச்சது. ஒவ்வொண்ணையும் தனித்தனியா சொல்லி. அதுல பாதி அவரு பொறக்குறதுக்கு நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடி நடந்தது. "அது சமூகப் பிரச்சனை, என் உள்ளம் சுத்தம்"னு அவரு சொல்லலை. 2022 ஜூலைல போப் பிரான்சிஸ் கனடா போய், பூர்வகுடிப் பிள்ளைங்களை வெச்சிருந்த உறைவிடப் பள்ளிகளுக்காக அந்த ஜனங்க முன்னாடி நின்னு மன்னிப்புக் கேட்டாரு. ஆக, கூட்டு மனஸ்தாபம்னு ஒண்ணு எங்க சபையில இருக்கு. தமிழ்நாட்டுப் பங்குக்கோயில் வாசல்ல வந்ததும் அது செருப்போட சேர்த்து வெளியே விடப்படுது.

அடுத்து, "கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சிடும்".

ஃபாதர், கூட்டம் எப்ப ஒண்ணா இருந்துச்சு?

நெல்லைச் சீமையில வடக்கன்குளம்னு ஒரு ஊர். அங்க கோயிலுக்குள்ளயே வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம்னு நடுவுல சுவர் வெச்சிருந்தாங்க. பீடம் ஒண்ணு, ஜனம் ரெண்டு. கட்டடமே கால்சட்டை மாதிரி ரெண்டு காலோட இருந்துச்சு. கௌசானல்னு ஒரு பிரெஞ்சு சாமியார் 1910-ல அந்தச் சுவரை இடிச்சாரு. ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சுவரைத் திரும்பக் கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. முழுக் கதையும் வேணும்னா ஆ. சிவசுப்பிரமணியன் எழுதின 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தைத் தேடிப் படிங்க. தூக்கம் போயிடும்.

"அதெல்லாம் பழைய கதை"ன்னு யாராவது ஆரம்பிப்பீங்க. சரி, புதுக்கதைக்கு வர்றேன்.

எறையூர். அப்ப விழுப்புரம் மாவட்டம், இப்ப கள்ளக்குறிச்சி. ஊர்ல வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் இருக்காங்க. கோயில்ல தனி இடம், சாவு ஊர்வலத்துக்குத் தனி வழின்னு நொந்துபோன தலித் மக்கள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துடுங்கன்னு கேட்டு உண்ணாவிரதம் உக்காந்தாங்க. 2008 மார்ச் 9-ம் தேதி அவங்க வீடுகள் தாக்கப்பட்டுச்சு. போலீஸ் துப்பாக்கிச்சூடு. ரெண்டு பேர் செத்தாங்க. செத்தவங்க ரெண்டு பேரும் வன்னியர்கள். அவங்களும் நம்ம ஜனம்தான்.

தேதியைக் கவனிங்க. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. அப்ப மார்ச் 9 தவக்காலத்தோட அஞ்சாம் ஞாயிறு. அன்னிக்கு உலகம் பூரா கத்தோலிக்கக் கோயில்ல வாசிச்ச நற்செய்தி லாசர் உயிர்த்தெழுந்த கதை. செத்து நாலு நாள் ஆன லாசரோட கல்லறை முன்னாடி நின்னு, வாசல்ல இருக்கிற கல்லை எடுங்கன்னு ஏசு சொல்றாரு. பக்கத்துல இருந்த மார்த்தா, நாத்தம் அடிக்குமேங்கிறா.

இதைவிட என்னத்த நான் எழுத? எங்க சபைத் தலைவர்கள் எல்லாரும் மார்த்தா பாட்டையே பாடுறாங்க. கல்லை எடுக்காதீங்க, நாத்தம் வரும். ஏசு கேக்கலை. எடுங்கன்னாரு.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல தலித் கத்தோலிக்கர்களைத் தனியாப் பிரிக்க நடுவுல எழுப்பின சுவர் பல வருஷம் பத்திரிகையில அடிபட்டுச்சு. நெத்தியில சாம்பல் பூசி நீ மண்ணுன்னு சொல்றாங்க. மண்ணாப் போனப்புறமும் இந்தப் பக்கத்து மண்ணு, அந்தப் பக்கத்து மண்ணு. டீ மாஸ்டருக்குத் தெரிஞ்ச இறையியல் எங்களுக்குத் தெரியலை.

மூணாவது, "அதுக்கு வேற மேடை இருக்கு". இங்கதான் எனக்கு ரொம்பக் கடுப்பு.

இருக்கு, இல்லைங்கலை. அந்த மேடை டெல்லியில இருக்கு. 1950 ஆகஸ்ட் 10-ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவா இருந்தாத்தான் பட்டியல் சாதி. அப்புறம் 1956-ல சீக்கியர்களையும் 1990-ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலை. இது அநியாயம்னு எங்க சபை ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் கருப்பு நாள் அனுசரிக்குது. நானும் கருப்புப் பட்டை குத்தியிருக்கேன். அந்தக் கோரிக்கை நியாயமானது. 2007-ல ரங்கநாத் மிஸ்ரா கமிஷனும் மதத்தைப் பாக்காம கொடுங்கன்னுதான் சொல்லுச்சு. இந்த உரிமை இல்லாததால வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுக்குறதில்லை. எங்க ஊருக்குப் பக்கத்துல எல்லை தாண்டினா ஆந்திரா. அங்க ஹைகோர்ட்டு 2025-ல ஒரு பாஸ்டர் சாதி சொல்லித் திட்டினாங்கன்னு போட்ட வழக்கை, நீ மதம் மாறினதால பட்டியல் சாதி இல்லைன்னு சொல்லி ரத்து பண்ணிடுச்சு. மதம் மாறினதும் சாதி போயிடுச்சாம். திட்டினவனுக்கு மட்டும் அது தெரியலை போல.

சரி, இந்தக் கோரிக்கையோட அடிப்படை வாதம் என்ன? கிறிஸ்தவனா மாறினாலும் சாதிக்கொடுமை போறதில்லை, அது தொடருது. இதானே? டெல்லியில, ஜந்தர் மந்தர்ல, கமிஷன் முன்னாடி, மனுவுல, மேடையில, இதைத்தான் ஆயர்கள்ல இருந்து அடிமட்டம் வரைக்கும் சொல்றோம்.

அதே ஆளுங்க ஞாயிற்றுக்கிழமை பங்குல என்ன சொல்றோம்? நமக்குள்ள சாதி இல்லை, நாம எல்லாரும் ஒரே குடும்பம்.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, ஒரே வேரியபிளுக்கு ஒரு இடத்துல ஆமா, இன்னொரு இடத்துல இல்லை. இப்படி ஒரு புரோகிராம் எழுதினா டெஸ்டிங் டீம் என்னை உதைப்பாங்க. சர்க்கார்கிட்ட சாதி இருக்குன்னு சொல்ற வாய், பாவசங்கீர்த்தனத் தொட்டியில மட்டும் ஏன் மூடிக்குது? கிறிஸ்தவத்துல சாதி தொடருதுன்னா, அதைத் தொடர்றது யாரு? வெளியில இருந்து இந்துக்கள் ராத்திரியில வந்து கல்லறையில சுவர் கட்டிட்டுப் போனாங்களா? நாமதான் கட்டினோம்.

இப்ப நியாயமான ஒரு எதிர்வாதம் இருக்கு. அதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். "தம்பி, காலம் சரியில்லை. சர்ச்சுமேல கல் விழுற காலம். நீ இப்படி வெளிய எழுதினா, நம்மைப் பிடிக்காதவனுக்கு அல்வா கொடுத்த மாதிரி." எங்க அப்பாவே இதைத்தான் சொல்றாரு. அந்த பயம் பொய்யில்லை. எனக்கும் இருக்கு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. மூடி வெச்ச எந்த விஷயம் எங்க சபையைக் காப்பாத்தியிருக்கு? வெளிநாட்டுல குழந்தைகளுக்கு நடந்த கொடுமையை மூடி மூடி வெச்சாங்க. வெளிய வந்தப்ப குற்றத்தைவிட மூடினதுதான் சபையைக் கூனிக்குறுக வெச்சுது. அதோட, நம்மைப் பிடிக்காதவனுக்கு எறையூர் பேர் தெரியாதா? அவனுக்கு நல்லாத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறது நாம மட்டும்தான். தவிர, மதிப்பைக் காப்பாத்துறோம்னு சொல்றமே, யாரோட மதிப்பு? தனி வழியில பிணத்தைத் தூக்கிட்டுப் போனவனோட மதிப்பு அந்தக் கணக்குல வருதா?

இந்து நண்பர்களே, நீங்களும் ரொம்பக் குஷியாகி கும்மி அடிக்க வேணாம். கோயிலுக்குள்ள எல்லாரும் போறதுக்கு 1947-ல சென்னை மாகாணத்துல சட்டம் போட வேண்டி வந்துச்சு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாக்கடைதான் ஓடுது. உங்க வீட்டுக்கு அதை அடைக்க அரசாங்கம் வந்துச்சு. எங்க கோயிலுக்குள்ள அப்படி வெளியாள் வந்து அடைக்க மாட்டாங்க. நாங்களே இறங்கித்தான் அள்ளணும். அதுக்குன்னே நாப்பது நாள் கொடுத்திருக்காங்க.

சின்ன வயசுல ஞானோபதேசத்துல மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா ஆர்.சி. மக்களே? நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம் வேணும். பாவங்களை நினைச்சுப் பாக்கணும். மனஸ்தாபப்படணும். இனி செய்ய மாட்டேன்னு பிரதிக்கினை எடுக்கணும். குருகிட்ட சொல்லணும். கொடுத்த அபராதத்தைத் தீர்க்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் பாவசங்கீர்த்தனம் சரியில்லைன்னு சொல்லிக் கொடுத்த சிஸ்டர் தலையில குட்டுவாங்க.

இதை அப்படியே சபைக்குப் போட்டுப் பாப்போம்.

மனஸ்தாபம்? காகிதத்துல இருக்கு. 2003 நவம்பர்ல தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமாபுரி போனப்ப, சாதிப் பாகுபாட்டோட சாயல்கூட கிறிஸ்தவ வாழ்க்கைக்கு நேர் எதிரானதுன்னு போப் அவங்க முகத்துக்கு நேராவே சொன்னாரு. பிரதிக்கினை? அதுவும் காகிதத்துல இருக்கு. 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்குன்னு ஒரு கொள்கை அறிக்கையே போட்டுச்சு. சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு அதுல ஒத்துக்கிட்டாங்க. 2022-ல ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, முதல் தலித் கர்தினால் ஆனாரு. சந்தோஷம். மனசாரச் சொல்றேன், சந்தோஷம்.

ஆனா முதல் காரியம்? நினைச்சுப் பாக்குறது? பங்குல கொடுக்குற ஆத்தும சோதனைத் தாள்ல சாதியைப் பத்தி ஒரு கேள்வியை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. அஞ்சாவது காரியம்? அபராதம்? சக்கேயு மரத்துல இருந்து இறங்கினதும் "ஆண்டவரே, ஒரு மாசம் காபி குடிக்க மாட்டேன்"னா சொன்னான்? ஏமாத்தினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னான். பாவம் எங்க நடந்துச்சோ அங்கதான் பரிகாரம்.

நம்ம மண்ணுலயே ஒரு சாமியார் இதைச் சொன்னாரு. அருளானந்தர். லிஸ்பன்ல பொறந்த ஜான் டி பிரிட்டோ. காவித்துணி கட்டி, பண்டாரசாமியா மதுரை, மறவர் சீமையெல்லாம் நடந்தவரு. சேதுபதி வம்சத்துல தடியத்தேவன்னு ஒருத்தர் கிறிஸ்தவனாகணும்னு வந்தாரு. அவருக்குப் பல மனைவிங்க. ஒருத்தியைத் தவிர மத்தவங்களோட வாழக் கூடாதுன்னுட்டாரு சாமி. தடியத்தேவனும் சம்மதிச்சாரு. தள்ளப்பட்ட மனைவிகள்ல ஒருத்தி சேதுபதியோட உறவுக்காரப் பொண்ணு. அங்க போய் அழுதா. 1693 ஜனவரியில சாமியைப் பிடிச்சாங்க. பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூர்ல தலையை வெட்டினாங்க. முந்தின நாள்தான் சிறையில இருந்து சக குருக்களுக்கு, சாவை ஆசையோட எதிர்பாக்குறேன்னு கடிதம் எழுதினாரு. 1947-ல அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தாங்க.

1693 பிப்ரவரி 4 என்ன நாள் தெரியுமா? திருநீற்றுப் புதன்.

அந்தத் தள்ளப்பட்ட பொண்ணுங்களோட கதி என்னன்னு இன்னிக்கு நாம கேக்கணும், கேக்காம விடக் கூடாது. அவங்க பக்கத்துக் கதையை யாரும் எழுதி வைக்கலை. ஆனா நான் சொல்ல வர்ற விஷயம் இது: மனந்திரும்புறேன்னு வந்தவன்கிட்ட அந்தச் சாமியார் சாப்பாட்டுல கை வைக்கலை, கல்யாணத்துல கை வெச்சாரு. அதனாலதான் தலை போச்சு. கறியை விடு, காபியை விடுன்னு மட்டும் சொல்லியிருந்தா சேதுபதி பல்லக்கு அனுப்பியிருப்பாரு.

இன்னிக்கு சாதி எங்க உயிரோட இருக்கு? கல்யாணத்துல. அங்க எந்தச் சாமியாரும் கை வைக்கிறதில்லை. வெச்சா தலை போகாது, வருஷாந்திரத் திருவிழா வசூல் போகும். அவ்வளவுதான்.

இப்ப என் பாவசங்கீர்த்தனம்.

எனக்கு வீட்டுல பொண்ணு பாக்குறாங்க. மேட்ரிமோனி சைட்ல புரொபைல். அப்பா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல, டைப் பண்ணினது நான்தான். மதம்: கிறிஸ்தவம், ஆர்.சி. அடுத்த கட்டம் சாதி. அப்பா சொன்னாரு, அடிச்சேன். அதுக்கடுத்து, வரன் எந்தச் சாதியில வேணும். "நம்மளவங்கதான்"னாரு. அதையும் அடிச்சு, சேமின்னு பட்டனை அழுத்தினேன். கை நடுங்கலை. அன்னிக்கு ராத்திரி நல்லாவே தூங்கினேன். இது நடந்து ஏழெட்டு மாசம் இருக்கும். (எந்தச் சாதின்னு இங்க எழுத மாட்டேன். எழுதினா பின்னூட்டம் பூரா அதைப் பத்தியே போகும். தலித் இல்லை, அது போதும்.)

சிலுவைப் பாதைக்குப் போனேன், கறி சாப்பிடலை, பாவசங்கீர்த்தனமும் பண்ணினேன். கோபம், சோம்பேறித்தனம், கெட்ட எண்ணம்னு வழக்கமான லிஸ்ட். அந்த ஒரு கட்டத்தைப் பத்தி வாயே திறக்கலை. ஏன்னா அது பாவம்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. இல்லை, இது சால்ஜாப்பு. தெரியும். வசதியா மறந்துட்டேன்.

அந்தச் சாமியார்கிட்ட பேசிட்டு வந்த ராத்திரி, உக்காந்து புரொபைலைத் திறந்து சாதிக் கட்டத்தைக் காலி பண்ணினேன். வரன் எந்தச் சாதியானாலும் சம்மதம்னு மாத்தினேன். ரெண்டு நிமிஷ வேலை. காலையில அப்பாகிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லலை. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. அம்மாதான் அடுப்படியில இருந்து கேட்டாங்க: "நீ பெரிய புரட்சிக்காரன், சரி. உன் தங்கச்சிக்கு அப்புறம் யாருடா வருவா?"

எனக்கு பதில் தெரியலை. இப்பவும் தெரியலை. நான் பண்ணின பாவத்துக்கு அபராதம் என் தங்கச்சி தலையில விழுதேன்னு கஷ்டமா இருக்கு. அவகிட்ட கேட்டேன். "உனக்கு இப்பத்தான் ஞானம் வந்துச்சா?"ன்னுட்டு ஸ்கூட்டியை எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டா. அது திட்டா சம்மதமான்னு இன்னும் புரியலை.

ஆனா ஒண்ணு புரிஞ்சுது. இந்த நாப்பது நாள்ல எனக்கு நிஜமா வலிச்சது இது மட்டும்தான். கறி விட்டப்ப வலிக்கலை. அந்தச் சாமியாருக்குச் செத்துப்போனவரோட ராத்திரி வலிக்குதே, அது மாதிரி வலி. வலிக்கிற இடத்துலதான் பாவம் இருக்குன்னு அவரே சொல்லிக் கொடுத்தாரு, அதுக்கு நன்றி. தன் பாவத்தைச் சொல்ல அவருக்கு இருந்த தைரியம், நம்ம பாவத்தைச் சொல்லவும் வரணும்னுதான் கேக்குறேன்.

பெருசா ஒண்ணும் கேக்கலை. அடுத்த தவக்காலத்துல ஆத்தும சோதனைத் தாள்ல மூணே மூணு கேள்வி சேருங்க. சாதி பாத்து வரன் தேடினேனா? சாதி பாத்துத் தெருவை, தேர்ப் பாதையை, கல்லறையைப் பிரிச்சதுக்குத் துணை போனேனா? எங்க கோயில்ல அப்படி நடந்தது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தேனா? பெரிய வியாழனன்னிக்குப் பன்னெண்டு பேர் காலைக் கழுவுறீங்களே, அதைக் காலனியில போய்க் கழுவுங்க. எங்கெல்லாம் கல்லறையில சுவர் நிக்குதோ, அங்க பெரிய வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கடப்பாரை எடுத்துட்டுப் போங்க. கௌசானல் சாமி 1910-லயே பண்ணிக் காட்டிட்டாரு. மாதிரி இல்லைன்னு சொல்ல முடியாது.

கூட்டம் பிரியும்னா பிரியட்டும் ஃபாதர். சாம்பல் எல்லாம் ஒண்ணுதான்னு நம்புறவன் இருப்பான். மத்தவன் போகட்டும்.

டிஸ்கி 1: பதிவு நீளமாயிடுச்சு, பொறுத்துக்கோங்க மக்களே. நாப்பது நாள் மேட்டர், நாலு வரியில முடியாது.

டிஸ்கி 2: புத்த, சமண, இஸ்லாமிய, இந்து, நாத்திக அன்பர்கள் எல்லாரும் திட்டலாம். ஆனா திட்டுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு மேட்ரிமோனி புரொபைல்ல அந்த ஒரு கட்டத்தை மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் காத்திருக்கேன்.